இரண்டு பேர் பெயரில் ஒரு கணினி

யாரும் யாரையும் கடிந்து ஒரு சொல் பேசாமல் ஒரு கல்யாணம் நின்றுபோகுமா?

என்னுடையது நின்றபோதுதான் இந்தக் கேள்வி என் முன்னால் வந்து நின்றது. நான் சமூகப் பணி படித்தவள். குடும்பங்கள் ஏன் முறிகின்றன என்று வகுப்பில் படித்ததுண்டு. குடி, சந்தேகம், வன்சொல், வரதட்சணை என்று காரணங்களுக்குத் தலைப்புகள் இட்டுக் கட்டுரை எழுதியதும் உண்டு. எங்கள் இரு வீட்டாருக்கும் இடையில் அந்தத் தலைப்புகளில் ஒன்றுகூட இல்லை. கடைசியாக நாங்கள் அவர்கள் வீட்டுப் படியிறங்க எழுந்தபோது மாப்பிள்ளையின் அம்மா சொன்னது, "இருந்து சாப்புட்டுட்டுத்தானுங்க போகோணும்" என்பது. நாங்களும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம்.

இரு வீட்டாருக்கும் நடுவில் ஒரு கணினி இருந்தது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு கருமத்தம்பட்டியில். வீட்டுச் சுவரை ஒட்டியே அப்பாவின் விசைத்தறிக் கூடம். நான் கோவையில் ஒரு சிறிய அறக்கட்டளையில் வேலை செய்கிறேன்; தறிக்கூடங்களில் நெடுங்காலம் நின்றவர்களுக்குக் காது மந்தமாவதைப் பற்றி அவர்களையே பேசவைத்துப் படம்பிடித்து, குறும்படங்களாகத் தொகுப்பது என் பொறுப்பு. மாப்பிள்ளை காரமடைக்காரர். பாக்கும் வாழையும் போட்டிருக்கும் குடும்பம். அவர் மட்டும் கோவையில் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வடிவமைப்புப் பிரிவில் இருந்தார். நிச்சயம் பேசும் உறுதி வார்த்தை முடிந்து, இரு வீட்டாரும் உப்புச் சர்க்கரை மாற்றிக்கொண்ட பிறகுதான் நாங்கள் இருவரும் அலைபேசியில் பேசத் தொடங்கினோம். ஆவணியில் முகூர்த்தம்.

முதல் சில நாட்களில் எங்களுக்குப் பேச ஒன்றும் இருக்கவில்லை. "சாப்புட்டீங்களா?" என்று அவர் கேட்பார். "சாப்புட்டேனுங்க, நீங்க?" என்பேன். பிறகு இருவருமே மழை வருமா என்று யோசிப்போம். ஒருநாள் பேச்சின் நடுவே அவர் தன்னையறியாமல் "அட சே" என்றார்.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்லீங்க. லேப்டாப் மறுக்காவும் நின்னுபோச்சு. தோசைக்கல்லு மாதிரி சுடுதுங்க."

"ஆபீஸ் வேலைங்களா?"

குடிப்பழக்கத்தை ஒப்புக்கொள்பவரைப் போலத் தணிந்த குரலில், "இல்லீங்க. கேம் வெளையாடிட்டு இருந்தேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் மடிக்கணினியும் அதே நிலையில்தான் இருக்கிறது என்றேன். ஒரு சிறு படத்தைத் தொகுத்து முடித்து வெளியே எடுக்கக் கொடுத்துவிட்டு, நான் குளித்து, சமைத்து, சாப்பிட்டு வந்து பார்த்தாலும் அது பாதியில் நின்றுகொண்டிருக்கும் என்றேன்.

"அப்ப கல்யாணத்துக்குள்ள ஒட்டுக்கா ஒண்ணு வாங்கிப்போடலாமுங்களா? டெஸ்க்டாப்பா? உங்க படத்துக்கும் ஆச்சு, என்ற வரைபடத்துக்கும் ஆச்சு."

"கேமுக்கும் ஆச்சு."

"அதை நானாச் சொல்லலீங்க" என்றார்.

நான் ஒரு நிபந்தனை வைத்தேன். ஆளுக்குப் பாதி. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் வரதட்சணை என்று யாரும் வாய்திறந்து கேட்பதில்லை. "உங்க புள்ளைக்கு நீங்க செய்யறது உங்க இஷ்டமுங்க" என்று மட்டும் சொல்வார்கள். அந்த இஷ்டம் கல்யாண நாளில் மண்டபத்தின் ஓரத்தில் கட்டிலாகவும் பீரோவாகவும் குளிர்சாதனப் பெட்டியாகவும் வரிசையாக நிற்கும். வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு அதைச் சுற்றிப் பார்ப்பார்கள். அந்த வரிசையைப் பற்றி எனக்குத் திடமான கருத்து இருந்தது. ஒரு வீட்டின் ஆசை எங்கே முடிந்து இன்னொரு வீட்டின் எதிர்பார்ப்பு எங்கே தொடங்குகிறது என்பது அங்கே யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது. எனவே சரவணம்பட்டிப் பக்கம் நாங்கள் வாடகைக்குப் பிடிக்கப்போகும் வீட்டில் முதலில் வந்து உட்காரும் பொருள், இருவரும் பேசி முடிவெடுத்து, இருவரும் சமமாக விலைகொடுத்ததாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். அது எப்படி அமைகிறதோ அப்படியேதான் பின்னால் வருவதும் அமையும் என்று உண்மையாகவே நம்பினேன்.

அவர் உடனே சம்மதித்தார். "சமையலும் பாதிப்பாதிங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாங்க."

"அப்ப பாதி நாள் பட்டினிதானுங்க."

அன்றிலிருந்து எங்களுக்குப் பேச்சுப் பஞ்சம் இல்லை. மற்றவர்கள் பட்டுச்சேலை நிறத்தைப் பற்றிப் பேசும் நேரத்தில் நாங்கள் பிராசசரைப் பற்றிப் பேசினோம். அவருக்கு விளையாட்டில் வேகம் வேண்டும். எனக்குப் பல காட்சிகளை ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொள்ள நினைவகம் வேண்டும். கையிருப்புக்குள் இரண்டும் நிறைவாக வராது. அவர் விளையாட்டுக்கான கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்கினார். நான் நினைவகமான ராமில் ஒரு படி இறங்கினேன். மதர்போர்டு மட்டும் கொஞ்சம் நல்லதாக இருக்கட்டும் என்றார். நான்கு ராம் செருகும் இடங்கள் இருப்பதை எடுத்து, இப்போதைக்கு இரண்டை மட்டும் நிரப்பலாம், மற்ற இரண்டும் காலியாகக் கிடக்கட்டும் என்பது அவர் யோசனை.

"எதுக்குங்க காலியா?"

"நாளைக்கு ஊட்ல ஆளு எச்சாச்சுன்னா?" என்று சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போனார். "செரிங்க, காலியாவே கெடக்கட்டும்" என்றேன்.

திரையில் நெடுநாள் வழக்காடினோம். வேகமாக மாறும் திரை அவருக்கு. நிறத்தை உள்ளபடி காட்டும் திரை எனக்கு. "உங்க படத்துல தறிக்காரர் சட்டை செகப்பா மெரூனாங்கறது அவ்வளவு முக்கியமுங்களா அம்மணி?" என்று சீண்டுவார். அம்மணி என்று அவர் சொல்லத் தொடங்கியது அந்த வாரத்தில்தான். "உங்க கேமுல செத்துச் செத்துப் பொழைக்கறதைவிட முக்கியமுங்க" என்பேன். கார்டிலும் பெட்டியிலும் சத்தம் போடாத மின்விசிறிகள் வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஓசையில்லாத இயந்திரம் ஒன்று வேண்டும் என்று சொன்னபோது, அதற்கு மட்டும் அவர் கேலி ஏதும் சொல்லாமல் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

எல்லாப் பாகங்களையும் வைத்து மூடும் கேபினெட்டில்தான் பெரிய சண்டை. பக்கவாட்டில் கண்ணாடி வைத்து, உள்ளே வண்ண விளக்குகள் எரியும் பெட்டி அவருக்குப் பிடித்திருந்தது.

"உள்ளுக்குள்ள லைட்டு எரிஞ்சா வேகமாப் போகுமுங்களா?"

"போகாதுங்க. ஆனா போற மாதிரியே இருக்கும்."

"கல்யாண ஊட்டுக்கு சீரியல் செட் போட்ட மாதிரி இருக்குமுங்க."

அவர் விட்டுக்கொடுத்தார். முன்பக்கம் வலை வைத்த, விளக்கில்லாத, கறுப்பு நிறப் பெட்டி. அதற்குப் பதிலாக நான் கார்டில் இன்னும் ஒரு படி ஏறச் சம்மதிக்கிறேன் என்றபோது அவர் மறுத்ததுதான் எனக்கு வியப்பு. "ஒண்ணை ஏத்தினா எல்லாம் ஏறுமுங்க. பெரிய கார்டுன்னா அதுக்குக் கரண்ட் குடுக்கப் பெரிய எஸ்.எம்.பி.எஸ். வேணும். அது கொள்றாப்புல பெரிய பொட்டி. பொட்டி பெரிசானா மேசை பெரிசாகோணும்."

"அப்பறம் ஊடு பெரிசாகோணும்."

"அதானுங்க. அளவா இருக்கட்டும்."

அளவாக இருக்கட்டும் என்ற அந்தச் சொல்லுக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு சனிக்கிழமை மதியம் காந்திபுரத்தில் மாடிப்படி ஏறிப் போகும் ஒரு கடையில் சந்தித்தோம். கோட்டைமேட்டைச் சேர்ந்த ஒருவர் நடத்தும் கடை. வருகிறவர்கள் எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் அழைத்தார்கள். நாங்கள் கேட்டதை எல்லாம் எடுத்து மேசைமேல் அடுக்கினார். நான் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திருப்பித் திருப்பி அது எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "தம்பி, கரண்ட் ஆபீஸ்ல இருந்து பொண்ணெடுத்திருக்கீங்களா?" என்றார். என்னோடு வந்தவர் சிரித்த சிரிப்பு கடைக்கே கேட்டது. நாங்கள் தேர்ந்தெடுத்த கார்டு மட்டும் இருப்பில் இல்லை. வர நாளாகும், வந்ததும் அழைக்கிறேன் என்று பாய் இவருடைய எண்ணைக் குறித்துக்கொண்டார். மற்றவற்றுக்கு முன்பணம் கொடுத்தோம்.

"பில்லு யாரு பேர்ல போடட்டும்?"

"ரெண்டு பேரு பேர்லயும் போடுங்க பாய்" என்றார் அவர்.

பாய் பேனாவை நிறுத்தி எங்களைப் பார்த்தார். "இத்தனை வருசத்துல கடை பேரு, கம்பெனி பேரு எல்லாத்துலயும் போட்டிருக்கேனுங்க. ரெண்டு பேரு பேர்ல இதுதான் மொதோ பில்லு. நல்லா இருங்க" என்று எழுதினார். கீழே வந்து கரும்புச்சாறு குடித்தோம். அந்த ரசீதை மடித்து யார் வைத்துக்கொள்வது என்பதற்கே இருவரும் நெடுநேரம் சிரித்தோம். கடைசியில் என் கைப்பையில் வைத்தேன்.

அவர் தன் அம்மாவிடம் இதை மகிழ்ச்சியாகத்தான் சொல்லியிருக்கிறார். அவர்களும் மகிழ்ச்சியாகத்தான் என் அம்மாவை அழைத்தார்கள். அம்மா மாவரைத்துக்கொண்டிருந்ததால் அலைபேசியை நான் ஒலிபெருக்கியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அதனால் அந்த உரையாடல் முழுவதும் என் காதில் விழுந்தது.

"ஏனுங்க, ரெண்டு பேருஞ் சேர்ந்து கம்ப்யூட்டரு வாங்கறாங்களாமா?"

"ஆமாங்க, சொன்னாளுங்க. அதையெதுக்குங்க புள்ளைகளைச் செலவு பண்ண உடறது? நாங்களே செஞ்சு போட்டர்றோமுங்க."

எங்கள் ஊரில் இப்படிச் சொல்வது வழக்கம். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமே கையிலிருக்கும் முறுக்கை நீட்டி எடுத்துக்கங்க என்போம்; அவரும் இருக்கட்டுங்க என்பார். அதோடு முடிந்துவிடும். அம்மாவும் அந்த 'இருக்கட்டுங்க'வைத்தான் எதிர்பார்த்தாள். ஆனால் சம்பந்தி வீட்டார் தருகிறேன் என்று சொன்னதை வேண்டாம் என்று தள்ளினால், தங்கள் தரத்துக்குக் குறைவென்று நினைப்பதாக ஆகிவிடுமோ என்று அந்த அம்மாவுக்குப் பட்டிருக்க வேண்டும். சற்று நிறுத்தி, "உங்க இஷ்டமுங்க" என்றார்கள்.

அம்மா கிரைண்டரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் அம்மாவைப் பார்த்தேன்.

அப்பாவிடம் அன்று மாலையே பேசினேன். இது நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்குவது, ஆளுக்குப் பாதி முன்பணம் கொடுத்தும் ஆயிற்று என்றேன். தறிகளுக்கு நடுவில் நின்றுதான் பேசினோம். அங்கே கத்தினால்தான் கேட்கும்.

"பாதிக் கம்ப்யூட்டரைச் சீருல வெக்க முடியுமா கண்ணு?" என்று கத்தினார்.

"சீரே இல்லைங்கப்பா அது!"

"அவுங்க வேண்டாங்கலையே!"

மறுநாள் அப்பாவே காந்திபுரத்தில் பாய் கடைக்குப் போயிருக்கிறார். எங்கள் கார்டு இருப்பில் இல்லை என்று பாய் சொன்னதும், அதைவிடப் பெரியது எது இருக்கிறதோ அதைக் கொடுங்கள் என்றிருக்கிறார். பெரிய கார்டுக்குப் பெரிய எஸ்.எம்.பி.எஸ். வந்தது. அது கொள்ளும் பெரிய பெட்டி வந்தது. மண்டபத்தில் வைத்தால் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று கண்ணாடியும் விளக்கும் வைத்ததாகப் பார்த்து எடுத்திருந்தார். அதற்கேற்ற அகலமான திரை, சாய்ந்து உட்காரும் நாற்காலி. எங்கள் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, ரசீதைத் தன் பெயரில் போட்டு வாங்கி வந்தார். வாசலில் டெம்போ நின்றபோது அவர் முகத்தில் இருந்த ஒளியைப் பார்த்து, நான் சொல்ல வைத்திருந்த எதையும் சொல்ல முடியவில்லை. மகளுக்குச் செய்துவிட்ட அப்பாவின் முகம் அது.

அன்று மாலை அலைபேசியில் அவரிடம், "உங்கம்மாகிட்டச் சொல்லி வேண்டாமுன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. அப்பா திருப்பிக் குடுத்துருவாரு" என்று கேட்டேன்.

"எங்கம்மா எப்புடீங்க சொல்லும்? உங்கப்பா ஆசையா வாங்கினதை வேண்டாமுன்னா அவுரு மனசு என்னத்துக்காகும்? நீங்கதான் உங்கப்பாகிட்டச் சொல்லோணும்."

"நான் சொன்னேனுங்க. உங்க ஊட்ல வேண்டாங்கலையேங்கறாரு."

இருவருமே சொன்னது சரி. இருவருமே அடுத்தவர் வீட்டைப் புண்படுத்தக் கூடாது என்றுதான் நினைத்தோம். அதனால் அதன்பின் யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு ஒரு காதுகுத்து விருந்தில் அவருடைய மாமா ஒருவர், பந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படி, "மாப்ளைக்கு வெளையாட்டுச் சாமான் பொண்ணு ஊட்ல இருந்தே வருதாமா! கிலுகிலுப்பையும் சேர்த்துக் கேளுடா" என்றிருக்கிறார். அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார். ஆனால் அன்றைக்குப் பிறகு எங்கள் பேச்சில் விளையாட்டைப் பற்றிய பேச்சு வரவில்லை. விருந்திலிருந்து வீடு திரும்பிய அவருடைய அப்பாவும் ஒன்று நினைத்திருக்கிறார். பெண் வீட்டார் இவ்வளவு செய்யும்போது நாம் சும்மா இருந்தால் நன்றாக இருக்குமா? காரமடை வீட்டு மொட்டைமாடியில் அவர் ஓர் அறை கட்டத் தொடங்கினார். கணினி வைக்கத் தனி அறை, அதற்குக் குளிர்சாதனம்.

அறை எழும்ப எழும்ப, சரவணம்பட்டி வாடகை வீட்டைப் பற்றிப் பேசுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். அதைக் கைவிட்டதாக யாரும் அறிவிக்கவில்லை. கணினி காரமடையில் இருக்கும். அறையும் அங்கேயே இருக்கும். பிறகு பிள்ளைகள் மட்டும் எங்கே போவார்கள்?

அறையைப் பார்க்க வரச்சொல்லி அழைத்தார்கள். அப்பா, அம்மா, நான் மூவரும் போனோம். தறிக்கூடத்தில் கத்திப் பேசிப் பழகிய அப்பா, சம்பந்தி வீட்டில் மட்டும் குரலைத் தணித்துக்கொள்வார். அன்று அந்த வீட்டில் எல்லோருமே குரலைத் தணித்துத்தான் பேசினார்கள். புதுச் சுண்ணாம்பு வாசம். ஜன்னலுக்கு வெளியே பாக்குத் தோப்பு. சுவரில் மின்செருகிகள் எங்கெங்கே வர வேண்டும் என்று பென்சிலால் குறியிட்டிருந்தது. நேர்கோடும் அளவும் தப்பாத அந்தக் குறிகளைப் பார்த்ததும் அவை வரைபடம் போட்டுப் பழகிய எந்தக் கையால் இடப்பட்டவை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இங்கியே உக்காந்து உங்க படத்தையெல்லாம் பண்ணிக்கலாமுங்க அம்மணி. அத்தாந்தூரம் பஸ்ஸுல அலைய வேண்டாம் பாருங்க" என்றார் அவருடைய அம்மா. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் கை வெதுவெதுப்பாக இருந்தது.

என் வேலை கணினிக்குள் இல்லை. தறிக்கூடங்களுக்குப் போய், காது கேட்காதவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பேசத் தொடங்கும்வரை காத்திருப்பதுதான் என் வேலை. அதைச் சொன்னேன். நாங்கள் இருவரும் கோவையிலேயே வீடு பார்த்து இருப்பதாகத்தான் பேசியிருந்தோம் என்றும், கணினியையும் இருவருமாகவே வாங்கிக்கொள்வதாக இருந்தோம் என்றும் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் ஒரு 'ங்க' இருந்தது.

யாரும் கோபப்படவில்லை. அவருடைய அம்மா சுற்றிலும் அறையைப் பார்த்துவிட்டு, "ரூமு புடிக்கலீங்களா கண்ணு?" என்று கேட்டார். உண்மையாகவே வருந்திக் கேட்டார். அறை எனக்குப் பிடித்திருந்தது. பிடித்தும் வேண்டாம் என்பதைத்தான் என்னால் விளக்க முடியவில்லை.

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஒரு சொல் சொன்னால் போதும். ஆமாங்கம்மா, நாங்க அப்படித்தான் பேசிக்கிட்டோம் என்று ஒரே ஒரு வரி. அவர் பென்சில் குறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எல்லாரும் ஆசையாப் பண்ணியிருக்காங்க. பாத்துக்கலாமுங்க" என்றார்.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தோப்பில் இந்த வருடம் காய்ப்பு எப்படி என்று அவருடைய அப்பாவைக் கேட்டார். அவரும் விரிவாகப் பதில் சொன்னார். பிறகு இலை போட்டார்கள். பச்சைப்பயிறு கடைந்து, வாழைப்பூப் பொரியல் வைத்து, எனக்குப் பிடிக்கும் என்று யாரோ சொல்லிக் கேட்டு ஒப்பிட்டு என்கிற போளியும் சுட்டிருந்தார்கள். எனக்கு இரண்டு முறை பரிமாறினார் அவருடைய அம்மா. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

பேருந்து நிறுத்தம்வரை அவர் உடன் வந்தார். பேருந்து வந்ததும் அம்மாவுக்குப் பை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த வாரம் அவருடைய அப்பா என் அப்பாவை அழைத்தார். குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்தார்களாம். எங்கள் பக்கத்தில் எந்த நல்ல காரியம் தொடங்கும் முன்பும் கோயிலில் போய் உட்கார்ந்து பல்லி வாக்குக் கேட்பது வழக்கம். பல்லி சத்தமிட்டுச் சொன்னால் தெய்வம் உத்தரவு கொடுத்ததாகப் பொருள். "பல்லி சொல்லலீங்க. இப்போதைக்குக் கொஞ்சந் தள்ளி வெச்சுக்கலாமுங்க" என்றாராம்.

எங்கள் கல்யாணத்துக்கு உறுதி வார்த்தைக்கு முன்னாலேயே வாக்குக் கேட்டாயிற்று. இரண்டு குலதெய்வமும் உத்தரவு கொடுத்தாயிற்று. ஒருமுறை கிடைத்த வாக்கை மறுபடி போய்க் கேட்பவர்களுக்கு வேண்டியது இன்னொரு பதில்தான். அது அப்பாவுக்கும் தெரியும். "செரிங்க. சாமிக்கு மேல நாமென்னங்க?" என்று சொல்லி அலைபேசியை வைத்துவிட்டுத் தறிக்கூடத்துக்குள் போனார். பல்லியின் மேல் யார் கோபப்பட முடியும்? எந்த வீட்டையும் குற்றம் சொல்லாத, எந்த வீட்டுக்கும் தலைகுனிவில்லாத ஒரு முடிவு அது. அவர்கள் எங்களுக்குச் செய்த கடைசி மரியாதை.

தள்ளி வைத்த கல்யாணம் அதன்பின் பேச்சுக்கு வரவே இல்லை. ஆவணி வந்து போயிற்று.

ஐப்பசி மழையில் ஒருநாள் அவர் அழைத்தார். அலைபேசியில் அவர் பெயரைப் பார்த்ததும் மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு எடுத்தேன்.

"ஏனுங்க, நல்லா இருக்கீங்களா?" என்றார். அம்மணி இல்லை.

"இருக்கேனுங்க. நீங்க?"

"இருக்கேன். பாய் கூப்பிட்டாருங்க. அந்தக் கார்டு வந்துருச்சாமா. என்ற நம்பரைத்தானே அன்னிக்குக் குறிச்சாரு. வேணுமான்னு கேக்கறாரு."

"வாங்கிக்கங்க."

"இல்லீங்க, நீங்க வாங்கிக்கங்க. உங்களுக்குத்தான் வேலைக்கு ஆகும்."

"எனக்கெதுக்குங்க? நீங்கதான் தேடித் தேடி எடுத்தீங்க."

"நீங்கதானுங்க சத்தமில்லாததா வேணும்னீங்க. உங்களுக்காகத்தான் அதைப் பாத்தேன்."

மழை விழும் ஓசை இரண்டு பக்கமும் கேட்டது. நான் கேட்கக் கூடாதென்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "பல்லி நெசமாவே சொல்லலீங்களா?"

அவர் சொன்னார். "கொஞ்ச நேரந்தானுங்க உக்காந்திருந்தோம்."

எனக்கு அழுகை வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும். இருவருமே அது மற்றவருக்குக் கேட்டுவிடாதபடி பார்த்துக்கொண்டோம். அந்த நேரத்தில் நான் அவரைத் திட்டியிருக்கலாம். ஏன் அன்றைக்கு வாய் திறக்கவில்லை என்று தறிக்கூடத்துக் குரலில் கத்தியிருக்கலாம். அவரும், நீங்கள் மட்டும் உங்கள் அப்பா டெம்போவை வாசலில் நிறுத்தியபோது ஏன் திறக்கவில்லை என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். கேபினெட்டுக்கும் திரைக்கும் அத்தனை நாள் சண்டை போட்டவர்கள் நாங்கள். அந்தச் சண்டைகளில் எல்லாம் ஏதாவது ஒரு முடிவு கிடைத்தது.

"அப்ப நீங்களே எடுத்துக்கங்க" என்றேன்.

"இல்லீங்க, நீங்க எடுத்துக்கங்க. பாய்கிட்டச் சொல்லிர்றேன்."

"இருக்கட்டுங்க."

"வெச்சுரட்டுங்களா?"

"வெச்சுருங்க."

வைத்துவிட்டோம். அவர் எடுத்துக்கொள்வார் என்று நான் போகவில்லை. நான் எடுத்துக்கொள்வேன் என்று அவர் போகவில்லை. தை பிறந்த பிறகு, அலுவலகத்துக்கு ஒரு மின்வடம் வாங்க அந்த மாடிப்படி ஏறியபோது பாய் என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்தார். "ரெண்டு பேருமே வரலீங்களே. ரொம்ப நாள் எடுத்து வெச்சிருந்தேன். பொறவு ஒரு காலேஜ் பையனுக்குக் குடுத்துட்டேனுங்க" என்றார். தம்பி நல்லா இருக்காங்களா என்று அவர் கேட்கவில்லை. நான் பாதியில் நின்ற சிரிப்போடு மின்வடத்தை வாங்கிக்கொண்டு இறங்கினேன். கீழே கரும்புச்சாறுக்காரர் இருந்தார்.

அப்பா வாங்கிய கணினி தறிக்கூடத்து அலுவலக அறையில் இருக்கிறது. அகலமான அந்தத் திரையில் கூடத்தின் கண்காணிப்புக் கேமராக் காட்சிகள் ஓடுகின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பும் நீலமும் மாறி மாறி எரிகின்றன. தறி ஓட்டுபவர்கள் தேநீர் குடித்துக்கொண்டே அதைப் பார்க்கிறார்கள். விளக்கை எப்படி அணைப்பதென்று அப்பாவுக்குத் தெரியாது. அவர் என்னிடம் கேட்டதும் இல்லை.

நான் இப்போது சரவணம்பட்டியில் தனியாக வாடகைக்கு இருக்கிறேன். எனக்கான கணினியை நானே வாங்கி வைத்திருக்கிறேன்: விளக்கில்லாத கறுப்புப் பெட்டி, ஓசை குறைந்த விசிறிகள், வேறொரு கார்டு. மதர்போர்டில் இரண்டு இடங்கள் காலியாக உள்ளன. இந்தத் தீபாவளிக்குப் பீரோ ஒன்று வாங்கி அனுப்பட்டுமா என்று அப்பா அலைபேசியில் கேட்டார். முன்பானால் கேட்டிருக்க மாட்டார். "வேண்டாமுங்கப்பா" என்றேன். முன்பானால் நானும் சொல்லியிருக்க மாட்டேன்.